பசியாற்றும் சங்கத்தின் சின்னம்

பசித்தவர்களுக்குக் கூழ் ஊற்ற மயிலும் கொக்கும் ஒரு சங்கம் தொடங்கின. சேதி கேட்ட வெள்ளாடு, ஒட்டிய வயிற்றோடு முதல் ஆளாய் வந்து உட்கார்ந்தது.

“கொஞ்சம் பொறு. சங்கத்துக்கு இன்னும் சின்னம் முடிவாகல” என்றது கொக்கு.

மயில் ஒரு கிண்ணம் வரைந்தது. காலிக் கிண்ணம் அபசகுனம், நிறைந்த கிண்ணமென்றால் எவரும் நன்கொடை தரமாட்டார்கள் என்று மூன்று நாள் வாதம் நடந்தது. ஆடு காத்துக் கிடந்தது. கடைசியில் அரைக் கிண்ணம் போஸ்டரானது. ஒட்டப் பசை வேண்டுமே. கூழுக்கு வைத்திருந்த மாவு மொத்தத்தையும் காய்ச்சி, மயிலும் கொக்கும் ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டின.

விடிந்து பார்த்தால் சுவர்கள் மொட்டையாக நின்றன. ஓரமாகப் படுத்திருந்த ஆடு ஏப்பம் விட்டது.

“நம்ம சின்னம் எங்கே?” என்று மயில் பதறியது.

“சின்னம் ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றது ஆடு. “அடுத்த தடவை உப்பு மட்டும் கொஞ்சம் சேர்த்துக்குங்க.”