கேட்க மட்டும் அனுமதி

டாக்டர் எவான்ட்ரோ கையுறை மாட்டிக்கொண்டுதான் கேசட்டை வெளியே எடுத்தார். பல் டாக்டர் என்பதால் வீட்டில் கையுறைக்குப் பஞ்சமில்லை.

"போட்டோ கூடாது. வீடியோ கூடாது. கேசட்டைத் தொடவே கூடாது. மூச்சு விடலாம், ஆனா அந்தப் பக்கமா விடுங்க."

எதிர் சோபாவில் இரண்டு பேர். நாற்பது வருடத்துக்கு முந்தைய வீட்டுக் கம்ப்யூட்டர்களின் புரோகிராம்களைத் தேடிப்பிடித்து, பட்டியல் போட்டு, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைக்கிற இவோனி. பக்கத்தில் அனக்ளெட்டோ. குரிச்சிபா நகரப் பேருந்தில் டிக்கெட் எடுக்காமல் ஏறுகிறவர்களைக் கண்டக்டர் துரத்தும் 'கடைசிப் பேருந்து' என்ற விளையாட்டை 1986இல் எழுதியவர்.

அப்போது விற்றது முப்பது கேசட். மிச்சமிருப்பது ஒன்று, டாக்டரின் கையுறைக்குள்.

இவோனியின் பட்டியலில் அதற்கு எதிரே பத்து வருடமாக 'கிடைக்கவில்லை' என்றிருந்தது. அதை 'உலகிலேயே ஒரே பிரதி, உரிமையாளர் டாக்டர் எவான்ட்ரோ' என்று மாற்றவைப்பது டாக்டரின் ஆசை. இருவரையும் வரவழைத்தது அதற்குத்தான்.

"டாக்டர், எனக்கு ஒரே ஒரு பிரதி போட்டுக் குடுங்க," என்றார் அனக்ளெட்டோ. "எழுபத்தொண்ணு ஆச்சு. போறதுக்குள்ள ஒரு தடவை ஆடிப் பாத்துடறேன். நான் எழுதினதுதானே?"

"எழுதினது நீங்க, பெரியவரே. வெச்சிருக்கிறது நான். ஒண்ணு ரெண்டாச்சுன்னா அப்புறம் இதை யாரு மதிப்பா? இந்த அம்மணி நாளைக்கே ஊருக்கெல்லாம் பாப்கார்ன் மாதிரி வாரி இறைச்சிடும்."

இவோனிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. "காலி கேசட்டா இருந்தா? சோதிக்காம நான் பட்டியல்ல எழுத மாட்டேன். உங்க கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுங்க."

கண்ணாடி அலமாரியில் இருபத்தேழு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றுக்குக்கூட டாக்டர் மின்சாரம் கொடுத்ததில்லை. கொடுத்தால் மதிப்பு குறையும் என்று எங்கோ படித்திருந்தார், வேறெதுவும் படிக்கவில்லை.

"அதையெல்லாம் திறக்கிற வழக்கமில்லை."

"அப்ப சத்தத்தையாவது கேக்க விடுங்க," என்றார் அனக்ளெட்டோ. "கீச்சுகீச்சுனு கத்தும். அதை வெச்சே என்னுதுதான்னு நான் சாட்சி சொல்லிடுவேன். அப்படியே போன்லயும் பதிஞ்சுக்கறேன். எனக்கு அது பாட்டு மாதிரி."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அந்தக் கண்றாவிச் சத்தத்தையா? எதுக்கு?"

"ஒரு காலத்துல ரேடியோவுலயே போட்டாங்க டாக்டர். ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சதும்."

"யாராவது கேட்டாங்களா?"

"மனுஷங்க யாரும் கேக்கல," என்று ஒப்புக்கொண்டார் அனக்ளெட்டோ.

"தாராளமா பதிஞ்சுக்கோங்க. ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில மாட்டுங்க." டாக்டர் தன் ஜப்பான் டெக்கில் கேசட்டைச் செருகினார். "இந்த டெக்குல ஒரு துளி இரைச்சல் வராது. வர்றதெல்லாம் உங்க பாட்டுதான்."

இவோனி போனை ஒரு குஷன்மேல் வைத்து ஸ்பீக்கருக்கு நேராக நகர்த்தினாள். ஜன்னலைச் சாத்தினாள்.

கேசட் அலற ஆரம்பித்தது. டாக்டரின் நோயாளிகளுக்கு நன்றாகப் பழகிய ரகம். அவர்தான் காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்.

டாக்டரின் நாய் எழுந்து உறுமியது. அனக்ளெட்டோ தட்டிலிருந்த சீஸ் உருண்டை ஒன்றை அதன் வாயில் போட்டார். அது விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறக்க, இன்னொன்று போட்டார்.

மூன்றாவது நிமிடத்தில் டாக்டரின் விரல் நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. "போதும். காலி கேசட் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?"

அனக்ளெட்டோ சட்டென்று கைகூப்பினார். அதைப் பார்த்த டாக்டருக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. ரசிப்பதற்காகக் கையை எடுத்தார்.

ஐந்தாவது நிமிடம் சத்தம் தானாக நின்றது. தட்டில் சீஸ் உருண்டை ஒன்றுகூட இல்லை. அனக்ளெட்டோவின் கன்னம் நனைந்திருந்தது.

"அழுதுட்டாரே!" வாசல்வரை வந்து வழியனுப்பினார் டாக்டர். "தினமும் தூங்கறதுக்கு முன்னாடி போட்டுக் கேளுங்க பெரியவரே. அம்மணி, பட்டியல்ல என் பேரை மறந்துடாதே."

"நிச்சயமா போடறேன் டாக்டர்," என்றாள் இவோனி.

சொன்னபடி போட்டாள். சாயங்காலம் தன் பெருமையைப் படிக்க டாக்டர் பட்டியலைத் திறந்தபோது இப்படி இருந்தது: 'கடைசிப் பேருந்து, 1986. ஆசிரியர் அனுமதியுடன் இலவசம். இதுவரை இறக்கியவர்கள்: 412. தந்து உதவியவர்: டாக்டர் எவான்ட்ரோ.'

உடனே இவோனியைப் போனில் அழைத்தார். எதிர்முனையில் அனக்ளெட்டோ, "பின்வாசல்ல ஏறிட்டான், பிடி, பிடி!" என்று கத்திக்கொண்டிருந்தது கேட்டது.

"எப்படித் திருடினே? கேசட் என் பூட்டுக்குள்ள இருக்கு! உங்களுக்குக் குடுத்தது வெறும் சத்தம்!"

"அதைக் கம்ப்யூட்டருக்குக் கேக்கவெச்சோம், அதுக்குப் புரிஞ்சுது. அந்தக் கண்றாவிச் சத்தம்தான் டாக்டர், அந்த விளையாட்டே."