பூசணிக்காய்க் கணக்கு

“எங்க மகள விசேட வகுப்புல இருந்து எடுத்துடுங்க, டீச்சர்.”

பாலேஸ்வரி டீச்சர் கைப்பையைக்கூட இன்னும் மேசையில் வைக்கவில்லை. மாத்தளையிலிருந்து கலேவெலைக்கு வந்த பஸ்ஸைப் படையினர் வழியில் மறித்து, எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்திருந்தார்கள். டீச்சரின் பெயரை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் ஏற விட்டார்கள். அந்த எரிச்சலே இன்னும் ஆறவில்லை. வந்ததும் வராததுமாக இது வேறு.

கேட்டவள் ஸைனம்பு, நாலாம் வகுப்பு ஸரீனாவின் உம்மா. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு கதவோரம் ஒட்டி நின்றாள்.

“உட்காருங்க. சேர்த்து ரெண்டு கிழமைகூட ஆகல்ல. ஏன் எடுக்கணும்?”

“அவளுக்கு ஏலாது டீச்சர். காலையில எழும்பினாச் சத்தி எடுக்கிறா. சோறு எறங்குதில்ல. பள்ளிக்கூடம்னாலே அழுறா.”

டீச்சர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். இந்த வாந்தியையும் காய்ச்சலையும் அவர் எத்தனை பார்த்திருப்பார். பெண் பிள்ளை நாலு எழுத்துக் கூடப் படித்துவிட்டால், வயிற்றைக் கலக்குவது வீட்டில் உள்ளவர்களுக்குத்தான்.

“வாப்பா வேண்டாம்னு சொன்னாரா?”

“அவருக்கு ஒண்ணும் தெரியாது. கடையே கதின்னு கிடக்கிறாரு.”

“அப்போ வீட்டு வேலைக்கு ஆள் தேவையா?”

“அல்லாவே, அப்படியெல்லாம் இல்ல டீச்சர். வகுப்புல வச்சுப் புதுக் கணக்குக் கேட்டா அவ வாயே திறக்க மாட்டேங்கிறா. நீங்களே பார்த்திருப்பீங்களே.”

“அது கூச்சம். சில பிள்ளைங்களுக்கு நாலு பேர் முன்னால மூளை ஓடாது. வீட்டுல அமைதியா இருந்தாத்தான் ஓடும்.”

இந்த விஷயத்தில் டீச்சரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. பரீட்சை வைத்துப் பொறுக்கினால் மனப்பாடக்காரர்கள்தான் அகப்படுவார்கள் என்பது அவருடைய கட்சி. அதனால், அடுத்த வருடப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான விசேட வகுப்புக்குக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். மணி அடிக்கும்போது வாயாலேயே ஒரு கணக்குச் சொல்லி அனுப்புவார். காலையில் விடையும், அது வந்த வழியும் சொல்ல வேண்டும். அதிபர் சிரித்தார். சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். ஸரீனா அகப்பட்ட பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

“உங்க மகள் என்ன செஞ்சான்னு உங்களுக்குத் தெரியுமா?” டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “ஒருத்தன் பூசணிக்கா விக்கப் போறான். மூணு சந்தை. ஒவ்வொரு சந்தையிலயும் கையில உள்ளதுல பாதியையும், மேல ஒண்ணையும் வித்துடுறான். வீட்டுக்கு வரும்போது மிச்சம் ஒரே ஒரு காய். கொண்டு போனது எத்தனை? இதுதான் கணக்கு. வகுப்புல எல்லாப் பிள்ளைகளும் பத்தா, இருபதா, முப்பதான்னு குருட்டாம்போக்குல போட்டுப் பார்த்திருக்காங்க. இவ ஒருத்திதான், மிஞ்சின ஒரு காய்ல இருந்து பின்னுக்குப் போயிருக்கா. ஒண்ணு, நாலு, பத்து, இருபத்திரண்டு. நான் சொல்லிக் குடுக்காத வழி அது.”

ஸைனம்பு மெல்ல வந்து கதிரை நுனியில் உட்கார்ந்தாள்.

“அது அவ்வளவு பெரிய விசயமா டீச்சர்?”

“பெரிய விசயமான்னா கேக்கிறீங்க? பதினெட்டு வருசமாப் படிப்பிக்கிறேன். இப்படி ஒரு மூளையை நான் கண்டதில்ல.”

ஸைனம்பு தலையைக் குனிந்துகொண்டாள். முகம் சிவந்து போயிற்று. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது, உடனே அடங்கிவிட்டது. பெற்ற வயிறு குளிராமல் என்ன செய்யும் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். இவளை வழிக்குக் கொண்டு வந்துவிடலாம் என்று தெம்பும் வந்தது.

“உண்மையாத்தான் சொல்றீங்களா டீச்சர்?”

“உங்களுக்கு நான் ஏன் பொய் சொல்லணும்? கெம்பசுக்குப் போய்ப் பட்டம் எடுக்க வேண்டிய மூளை.”

ஸைனம்பு மெல்லத் திரும்பினாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதிர் வகுப்பில் ஸரீனா, ரிப்பன் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, ஏதோ தண்டனைக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் ஸைனம்புவின் கண் கலங்கிவிட்டது.

“இல்ல டீச்சர். வேண்டாம். எடுத்துடுங்க.”

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு சொல்லியும் ஒருத்தி இப்படிப் பிடிவாதம் பிடிப்பாளா?

“நீங்களே உங்க பிள்ளைக்குக் குழி தோண்டுறீங்க. ஒன்பது வயசுல இந்த மாதிரி மூளையைக் கண்டுபிடிக்காம விட்டா என்ன ஆகும் தெரியுமா? ஒருத்தருக்கும் தெரியாம அது எங்கேயாவது ஒரு குசினியில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கும்.”

ஸைனம்பு எழுந்து நின்றாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெங்காயம் உரிச்சுக்கிட்டுத்தான் டீச்சர் அந்தக் கணக்கெல்லாம் நான் போட்டேன். புள்ளைய விட்டுடுங்க.”