மின்சாரம் மிச்சம் பிடிக்கும் பெட்டி

"இதைப் பிளக்குல சொருகி விட்டாப் போதும் மேடம். கரண்ட் பில் பாதியாயிடும்" என்று பெட்டி விற்க வந்த ரமேஷ்குமார் சொன்னதும் ரத்தினசாமி எட்டிப் பார்த்தார்.

உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பெட்டி. முகப்பில் பச்சை விளக்கு. இதே பெட்டியைத் தை மாதத்தில் பொள்ளாச்சிச் சந்தையில் அவரும் வாங்கியிருந்தார். தன் ஊரான நல்லேப்பிள்ளிக்குக் கொண்டுவந்து, மனைவி செல்வலட்சுமி கண்ணில் படுவதற்கு முன் பிரித்துப் பார்த்தார். பச்சை விளக்குக்கு ஒரு ஒயர், கனத்துக்கு ஒரு பிடி மணல். உள்ளே வேறு எதுவும் இல்லை. அப்படியே கொண்டுபோய் வைக்கோல் போருக்குள் சொருகியவர், இன்றுவரை மூச்சு விடவில்லை.

எப்படி விடுவார்? பருப்பை ஊறவைத்து வேகவைத்தே கேஸை மிச்சம் பிடிக்கிறவள் செல்வலட்சுமி. குக்கரை முன்னாலேயே அணைத்து, மீதியை அந்தச் சூட்டில் வேக விடுவாள். காய் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு, அரிசி கழுவியது மாட்டுக்கு. பக்கத்து வீட்டில் சிலிண்டர் தீர்ந்துபோகும்போது இவள் வீட்டில் பாதி மிச்சம் இருக்கும்.

அப்பேர்ப்பட்டவள் இந்த மோசடிக்காரனை நாற்காலி போட்டு உட்காரவைத்து மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஊட்டுக்கு எத்தனை பொட்டி வேணுமுங்க தம்பி?"

"ரூமுக்கு ஒண்ணுன்னு நாலு போடலாம் மேடம்."

"அஞ்சாப் போட்டுருங்க. மோட்டார் ரூமுக்கும் வேணுமில்ல."

ரத்தினசாமி இருமினார். அவள் திரும்பவில்லை. இன்னும் பலமாக இருமினார்.

"தண்ணி குடிங்க" என்றாள், அவனையே பார்த்தபடி. "ஒரு சந்தேகமுங்க தம்பி. ஃபேனுல இத்தனை தூசி. இது இழுக்கற கரண்டை உங்க பொட்டி சமாளிக்குமா? பில்லு கொறையலீன்னா உங்க கம்பெனிக்குத்தான கெட்ட பேரு."

ரமேஷ்குமார் அண்ணாந்து பார்த்தான். ஐந்து பெட்டி போகிற வீடு.

"ஏணி இருக்கா மேடம்?"

எல்லா ஃபேனையும் துடைத்து இறங்கியபோது அவன் மீசை வெளுத்திருந்தது. அடுத்தது ஃப்ரிட்ஜ். சுவரோடு ஒட்டி நின்றால் சூடு போகாது, கரண்ட் கூடும் என்றாள் செல்வலட்சுமி. அதை இழுத்து நகர்த்தி, பின்பக்கம் நூலாம்படை அடித்து, உள்ளே உறைந்த ஐஸைக் கரைத்து, கதவு ரப்பரைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது மோட்டார் ஞாபகம் வந்தது அவளுக்கு. மேல்தொட்டியில் தண்ணீர் கசிவதால் தினமும் இரண்டு தடவை மோட்டார் போட வேண்டியிருக்கிறதாம். கழுத்து டையைக் கழற்றி வைத்துவிட்டு மேலே ஏறினான். கசிவை அடைத்தான். ஏறியதுதான் ஏறியாகிவிட்டது என்று அவள் கீழிருந்து சொல்ல, பாசியையும் தேய்த்து எடுத்தான்.

அந்த இடைவெளியில் ரத்தினசாமி அவளைச் சமையலறையில் பிடித்தார்.

"புள்ள, அவன் பேச்சு எனக்குச் சரியாப் படல."

"உங்களுக்கு யாரு பேச்சுத்தான் சரியாப் பட்டுது? பேசாம உக்காருங்க."

வைக்கோல் போர் விஷயம் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

கீழே இறங்கி வந்த ரமேஷ்குமார், நனைந்த சட்டையோடு பெட்டிகளை வரிசையாக மேஜைமேல் வைத்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தான்.

"இருங்க தம்பி" என்றாள் செல்வலட்சுமி. "கோபாலபுரத்துல எங்கக்கா முருகேஸ்வரி இருக்கறாங்க. எங்க ஊடு மாதிரி நாலு பங்கு பெருசு. நாளைக்கு அங்க போயி இதே மாதிரி நல்லாப் பாத்துக் குடுங்க. ரெண்டு ஊட்டுக்கும் சேத்து ஒண்ணா வாங்கிக்கறோம். பொட்டியெல்லாம் கையோட கொண்டு போங்க, அக்காளுக்குக் காட்டோணுமில்ல."

நாலு பங்கு என்றதும் அவன் முகத்தில் களைப்பெல்லாம் போய்விட்டது. விலாசத்தை இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, வாசல்வரை கும்பிட்டபடியே போனான்.

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் ரத்தினசாமியால் அடக்க முடியவில்லை.

"அது பூராப் பித்தலாட்டம் புள்ள. நானே ஒண்ணு வாங்கி ஏமாந்துட்டு வைக்கோல் போருக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறேன். உள்ள வெறும் மணலு."

"தெரியுமுங்க. மாசி மாசமே மாட்டுக்கு வைக்கோல் உருவப் போனப்பக் கையில சிக்குச்சு."

வைவாள் என்று காத்திருந்தார். அவள் வையவில்லை; போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுமா அவனைக் கூடப்பொறந்தவ ஊட்டுக்கு அனுப்பற? நம்ம ஏமாந்தது பத்தாதா, அவங்களும் ஏமாறோணுமா?"

செல்வலட்சுமி பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தாள்.

"அக்கா, ஊட்டுக்கு வெள்ளையடிக்கப் பெயிண்டருக்குச் சொல்லிராத. நாளைக்குக் கரண்ட் பொட்டி விக்க ஒரு தம்பி வருது. சுவரு வெள்ளையா இருந்தா ஊட்டுக்குள்ள வெளிச்சம் நல்லா நிக்கும், பகல்ல லைட்டே போட வேண்டாம்னு அதுகிட்டச் சொல்லு போதும். நீ சுண்ணாம்பை மட்டும் இன்னிக்கே ஊறப் போட்டு வெய்யி."