பேசினால் ஊசி ஆடும்

வலது காதைச் சுற்றி ஊசிகளோடு பேராசிரியர் மல்லாந்து கிடந்தார்.

"வாயைத் திறக்கக் கூடாது சார். பேசினா ஊசி ஆடும்" என்று சொல்லிவிட்டு, திரையை இழுத்து மூடிக்கொண்டு போனார் அக்குபஞ்சர் டாக்டரம்மா.

பேராசிரியரிடம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. சொல்ல அவர் இடைவெளி விட்டதில்லை.

இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு வகுப்புக்குத்தான், வாய்க்கு இல்லை. பல் துலக்கும்போதுகூட நுரையோடு விளக்கம் சொல்வார். அக்குபஞ்சர் என்பது வரிசையில் நின்று குத்து வாங்கும் மூடத்தனம் என்பது, மேடை மேடையாகக் கைதட்டல் வாங்கிய அவருடைய வாக்கியம்.

அப்படிப்பட்டவரின் காதுக்குள் ஒரு வண்டு குடியேறி ரீங்காரம் போட ஆரம்பித்தது. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒன்றுமே இல்லை என்றார். ஒரு பேராசிரியரின் தலையைப் பற்றிச் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

கடைசியில், வீட்டில் லைப்ரரி என்று சொல்லிவிட்டு, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக இங்கே வந்து, ஜவுளிக்கடைக்காரர் என்று பதிந்துகொண்டு படுத்திருக்கிறார்.

திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டில். ஒரு பெண்ணின் குரல். வண்டுச் சத்தத்தில் பாதி வார்த்தை கரைந்துபோனது.

தாடை வலியாம். வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தால் பல்லைக் கடித்துக்கொள்வாளாம். கடித்துக் கடித்துத் தாடையே பூட்டிக்கொள்கிறதாம்.

பாவம், யார் பெற்ற பெண்ணோ என்று பேராசிரியர் பரிதாபப்பட்டார். சில ஆம்பிளைகளுக்கு நிறுத்தவே தெரியாது.

அப்புறம்தான் கவனித்தார். வண்டைக் காணோம்.

ஊசி வேலை செய்துவிட்டதா? அப்படியானால் இத்தனை வருடக் கைதட்டலை எங்கே கொண்டுபோய் வைப்பது? இல்லை, இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு கிடந்ததாலா? இரண்டில் எதை ஒப்புக்கொண்டால் அவமானம் குறைவு என்று அவருக்குப் பிடிபடவில்லை.

தெளிந்துபோன காதில் அந்தக் குரல் இப்போது மணிமணியாக விழுந்தது.

"இப்ப வலி விட்டுருச்சு டாக்டர். ஆனா ஊசியாலதான்னு எப்படிச் சொல்றது? அவரும்தான் பக்கத்துல இல்லையே. ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்தினா, எது வேலை செஞ்சுதுன்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு அவரே சொல்வாரு. சாப்பிட உக்காந்தா தினமும் சொல்வாரு."

அது அவருடைய வாக்கியம். நேற்றுகூடச் சொன்னார், வாய் நிறையக் கவளத்தோடு. இன்று காலையில் பல் டாக்டரிடம் போவதாகக் கிளம்பிய மனைவியிடம்.

கை தானாகத் தொப்பியைத் தேடியது. கையிலும் ஊசி.

திரை விலகியது. டாக்டரம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார்.

"இரைச்சல் எப்படி இருக்கு சார்?"

பேராசிரியர் தலையை ஆட்டினார்.

"தலையாட்டினா எனக்கு என்ன புரியும்? வாயைத் திறந்து சொல்லுங்க. இனிமே பேசலாம்."

பேசலாம். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவர் அவரைப் பேசச் சொல்லிக் கேட்கிறார். முதல் தடவையாக அவருக்கு வேண்டாமென்றிருந்தது.

டாக்டரம்மா நகர்வதாக இல்லை. பேராசிரியர் குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, ஒரு ஜவுளிக்கடைக்காரர் எப்படிச் சொல்வாரோ அப்படி, ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"பரவாயில்லை."

அந்தப் பக்கத்துக் கட்டில் கிறீச்சிட்டது.

"டாக்டர்," என்றது குரல், பல்லிடுக்கு வழியாக. "கொஞ்சம் வாங்களேன். மறுபடி பூட்டிக்கிச்சு. கையில ஊசியெல்லாம் குத்தினது குத்தினபடிதான் இருக்கு."

ஆக, நிரூபணமாகிவிட்டது. ஊசியில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடமாக அவர் சொல்லிவந்தது அத்தனையும் சரி.

அதை விளக்கிச் சொல்ல அவருக்கு நாக்கு துறுதுறுத்தது.

பல்லைக் கடித்துக்கொண்டார்.