ஓநாய்க் கட்சி

"ஓநாய்தான் செயிச்சுச்சு. இதுல பேச்சே இல்ல!"

புருசன் மூக்கன் தொடையில் அடித்துச் சொன்னதும், வடைத் தட்டோடு நின்ற காளியாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் பேசுகிற பேச்சா இது?

ஹட்டன் தியேட்டரில் ஓடும் இங்கிலீசுப் பேய்ப் படத்தைப் பற்றி, தேத்தண்ணி குடித்தபடி மாப்பிள்ளையின் அப்பா வீரய்யாதான் பேச்செடுத்தார். பௌர்ணமியானால் ஓநாயாக மாறுகிறவன் ஒருவன். செத்தவர்களை வெட்டி ஒட்டுப்போட்டு எழுப்பிய ராட்சதப் பிணம் ஒன்று. கடைசியில் இரண்டும் கட்டிப் புரள, பழைய பங்களா இடிந்து இரண்டின் தலையிலும் விழுகிறதாம். பிணம்தான் ஜெயித்தது என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, மூக்கன் பிடித்துக்கொண்டான்.

"என்னா அண்ணே இப்படிச் சொல்றீங்க? பத்துப் பேரு ஒடம்பச் சேத்துத் தச்ச பொணம். பத்தாளு பலமில்ல அதுக்கு!" என்றார் வீரய்யா.

"பத்தாளு சேந்தா பலமா? நம்ம லயத்து வீட்டு வரிசையில பத்தாளு சேந்தா பத்துச் சண்டதான் வரும்."

"படத்த விடுங்கப்பா. தேதியப் பேசுவோம்" என்று சிரித்தார் பொன்னையாக் கங்காணி.

தேயிலைத் தோட்டத்தில் கங்காணி சொன்னால் துரை சொன்ன மாதிரி. மாப்பிள்ளை அழகன் அவருடைய தங்கச்சி மகன். அவரே படியேறி வந்து மீனம்மாவைக் கேட்ட நாளிலிருந்து காளியாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்துக் காம்பரா வீடுகளில் நாற்காலி இரவல், கிளாஸ் இரவல் என்று அலைந்து எல்லாம் கூட்டி வைத்தால், இந்த மனுசன் ஓநாய்க்கு வக்காலத்து வாங்குகிறான்! காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவனுக்கு இன்றைக்குப் பார்த்து எங்கிருந்து வந்தது இவ்வளவு வாய்?

"ஏங்க, வடைய எடுத்துக் குடுங்க" என்று தட்டை அவன் கையில் திணித்தாள். அவன் ஒரு வடையை எடுத்து வீரய்யாவின் மூக்குக்கு நேரே நீட்டிப் பேசினான்.

"பொணம் மொதல்லயே செத்ததுங்க. செத்தவன் எப்படிய்யா செயிப்பான்?"

அந்த 'ய்யா' வீரய்யாவுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஓநாயோட கழுத்த அது நெரிச்சத நீங்க பாக்கலையா? தூங்கிட்டீங்களா?"

"தூங்குனது நீங்க! அந்தப் பொணத்துக்கு ரோசம் இருந்துச்சா? எந்திரின்னா எந்திரிக்கும், ஒக்காருன்னா ஒக்காரும். ஓநாயி அப்படியா? யாருக்காச்சும் அடங்குச்சா?"

காளியாயி இருமினாள். கண்ணைக் காட்டினாள். அவன் இந்தப் பக்கமே திரும்பவில்லை. உள்ளே மீனம்மா இரவல் சேலை மடிப்பைப் பிடித்தபடி, வெளியே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"அப்பா சொல்றதுதான் சரிங்க மாமா. நானும் பாத்தேன்" என்றான் அழகன், முதல்முறையாக வாயைத் திறந்து.

"அப்பனுக்கேத்த புள்ள! ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?"

வீரய்யா கிளாஸை டக்கென்று கீழே வைத்தார். "என் மகனக் குருடன்னு சொல்ற வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேணாம். எந்திரிடா!"

"மச்சான், ஒரு பேய்ப் படத்துக்காகவா…" என்று கங்காணி கையைப் பிடித்தார்.

"ஒங்க மொகத்துக்காகத்தான் வந்தேன் மச்சான். ஆளு சரியில்ல. எனக்கு வேணாம்."

கங்காணி தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டு கிறுக்கனுங்களுக்கு நடுவுல என்னைய மாட்டி விட்டுட்டீங்களேடா! மூக்கா, அவரே வேணாம்னுட்டாரு. இனி இந்தப் பேச்ச எங்கிட்ட எடுக்காத."

மூவரும் தேயிலைக்கு நடுவே இறங்கி மூடுபனியில் மறையும் வரை பல்லைக் கடித்திருந்த காளியாயி, அப்புறம் வெடித்தாள்.

"தேடி வந்த சீதேவியக் கால்ல எத்திட்டீங்களே! ஞாயித்துக்கெழம புள்ளைக்குச் சீல எடுக்கப் போறேன்னு ஹட்டனுக்குப் போயி, வெறுங்கையோட வந்தீங்க. இந்தக் கண்றாவியப் பாக்கத்தான் போனீங்களா?"

மூக்கன் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"அன்னிக்கு ஹட்டனோட நிக்கல புள்ள. மாப்ள எப்படின்னு விசாரிக்க அவங்க ஊரு கினிகத்தேனை வரைக்கும் போனேன். அவங்க லயத்துக்குப் பின்னால ஒரு பொண்ணு கைப்புள்ளையோட ஒக்காந்து அழுதுக்கிட்டிருந்துச்சு. விசாரிச்சா, அழகன் தாலி கட்டுன பொண்ணு. அடிச்சுத் தொரத்திட்டு, நம்ம மீனாவக் கேட்டு வந்திருக்காங்க."

காளியாயி உள்ளே மீனம்மா நின்ற பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "அத… அத மூஞ்சிக்கு நேரா கேக்க வேண்டியதுதானங்க?"

"கங்காணி மருமகனையா? நாளைக்கே வேலையில்லன்னு பத்துச்சீட்டக் குடுத்து லயத்த விட்டு வெரட்டிருவாரு. வயசுப் புள்ளையோட எங்க போறது? அவங்க வாயாலயே வேணாம்னு சொல்லிட்டுப் போகணும். போயிட்டாங்க."

காளியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆனாலும் ஒன்று மட்டும் அவளுக்கு ஆறவில்லை.

"நல்லாத்தான் செஞ்சீங்க. அதுக்காக எங்கிட்டச் சொல்லாம படத்துக்குப் போயிட்டு வந்தது…"

"நா எங்க புள்ள படம் பாத்தேன்? திரும்பி வர்றப்ப பஸ்ஸுல பாதிப் பேரு ஓநாய்க் கட்சி, பாதிப் பேரு பொணக் கட்சின்னு அடிச்சுக்கிட்டு வந்தாங்க. வீரய்யா பொணக் கட்சின்னு தெரிஞ்சதும் நா ஓநாய்க் கட்சியாயிட்டேன்!"