ஏழாந் திருவிழா

கோயில் வீதியில் தவில், நாதஸ்வர மேளச்சமா தொடங்கியதும் மாமி என் வயிற்றில் கையை வைத்தார்.

"உதுகள் தாளம் போடுதுகள், பார். துடிக்கினமோ, பிள்ளை?"

"ஓம் மாமி," என்றேன்.

கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரட்டையாம் என்று பக்கத்தில் நின்ற பெண்களுக்கும் சொன்னார். ஐந்தாம் மாதத்திலேயே ஊர் முழுக்கத் தெரியும்.

இன்றைக்கு அம்மனுக்கு ஏழாந் திருவிழா. என் மாமனார் பரமலிங்கத்தின் பூட்டன் காலத்திலிருந்து அது அவர்கள் வீட்டு உபயம். போன வருடம் மாமாவின் தமையன் செத்த துடக்கில் கைநழுவிப் போனது. துடக்குக்காரர் முப்பத்தொரு நாள் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. வேறு ஆட்கள் எடுத்துச் செய்தார்கள். எங்களைவிடத் திறமாகவும் செய்துவிட்டார்கள். இந்த வருடமும் விட்டால் உபயம் அவர்களோடு போய்விடும்.

மாமா அதைத்தான் நினைத்து நினைத்து நித்திரை கொள்ளாமல் கிடந்தார்.

கொடியேறிய அன்றுதான் எனக்கு ஸ்கான் எடுத்தார்கள்.

ஒரே நச்சுக்கொடியில் இரண்டு பிள்ளைகள். ஒன்றின் இரத்தம் மற்றதற்குப் போகிறது. ஒன்று காய்கிறது, ஒன்று வீங்குகிறது. வயிற்றுக்குள் மெல்லிய குழாயொன்றை விட்டு, நடுவில் ஓடும் இரத்தக் குழாய்களை லேசரால் சுட்டு மறிக்கலாம். கொழும்புக்குத்தான் போகவேண்டும், உடனே போகவேண்டும், பிந்தினால் இரண்டும் தப்பாது என்றார் டொக்டர். செய்தாலும் ஒன்று தவறக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டில் நான்தான் விளங்கப்படுத்தினேன். மாமா புகையிலைத் தோட்டக்காரர். ஆனபடியால் வாய்க்காலை வைத்தே சொன்னேன். ஒரே வாய்க்காலில் இரண்டு பாத்தி. தண்ணீர் ஒன்றுக்கே பாய்ந்து அது அழுகுது, மற்றது கருகுது. இடையில் மண்ணை வெட்டிப் போட்டு மறிக்கவேணும்.

மாமாவுக்கு உடனே விளங்கியது. சும்மா சொல்லக்கூடாது.

விளங்கிக்கொண்டு ஐயரிடம் போனார்.

சத்திரசிகிச்சைக்குத் துடக்கு இல்லையாம். பிள்ளை தவறினால்தான் துடக்காம்.

கொழும்பில் ஒன்று தவறினாலும் உபயம் போய்விடும். ஆகவே, ஏழாந் திருவிழா முடியட்டும் என்று முடிவாயிற்று. புகையிலைக்கென்றால் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு மண்வெட்டியோடு ஓடுகிற மனுசன்.

நான் கத்தினேன். கம்பசில் படித்த திமிர் என்றார்கள். என் அப்பா வட்டுக்கோட்டையில் கூலிக்குத் தோட்டம் கொத்துகிறவர். எங்கள் பக்கத்தில் முதன்முதல் பட்டம் எடுத்தவள் நான்தான். ஒரு உபயமும் இல்லாத வீட்டில் பிறந்தவளுக்கு இதன் அருமை எங்கே தெரியப்போகிறது என்று மாமி சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்பாவைக் கூப்பிட்டேன். வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்காமல், அவையள் சொல்லுறதைக் கேள் பிள்ளை என்றுவிட்டுப் போனார்.

என் கணவர் சுபாங்கனிடம் கேட்டேன். பாங்கில் வேலை செய்கிறவர், நாலு இடம் தெரிந்தவர். கொஞ்ச நாள்தானே என்றார். என்ரை அப்பாவின்ரை முகத்தை ஒருக்கால் பாரும் என்றார்.

தனியே வெளிக்கிட்டேன். மாமி பையைப் பறித்துச் சாமியறைக்குள் வைத்துப் பூட்டினார். அம்மன் பார்த்துக்கொள்வாளாம்.

மேளச்சமா முடிந்து, அம்மன் வீதி சுற்றி வந்து வாசலில் நின்றாள். ஐயர் சங்கற்பத்துக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். மாமா வீட்டில் எல்லோரையும் சொல்லி, கடைசியில், மருமகளின் வயிற்றில் இருக்கிற இரண்டு பேரும் என்றார். நட்சத்திரம் இல்லாத ஆட்களுக்கு அம்மனின் நட்சத்திரத்தையே போடுவம் என்று ஐயர் பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு காளாஞ்சி கொடுத்தார்கள். தேங்காய், வெற்றிலை, பழம், சந்தனம். திருவிழாக்காரருக்குக் கோயில் கொடுக்கும் மரியாதை. தட்டத்தை வாங்கிய மாமா, அத்தனை சனத்துக்கும் முன்னால் என் பக்கம் திரும்பினார்.

"நீ பிடி பிள்ளை. நீ பொறுத்தபடியாலைதான் இது இண்டைக்கு எங்கடை கையிலை."

கண் கலங்கியிருந்தது. கெட்ட மனுசனாக இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு கையாலும் வாங்கினேன்.

விடியக் கொழும்புக்கு வெளிக்கிடலாம், வாடகை வானுக்குச் சொல்லிவிட்டேன் என்று சுபாங்கன் காதுக்குள் சொன்னார். தலையாட்டினேன்.

நேற்றுக் காலை, மாலைக்குப் பூ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு டொக்டரிடம் போனேன். வயிற்றுக்குள் அசைவே இல்லாமல் இருந்தது. அவர் திரையை என் பக்கம் திருப்பாமல் நெடுநேரம் பார்த்தார். பிறகு திருப்பினார். இரண்டு இதயமும் நின்றிருந்தன. இப்போதே வார்ட்டில் நில்லும் என்றார். வீட்டில் திருவிழா, முடிய வாறன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

துடக்கு நேற்றே தொடங்கிவிட்டது.

சனம் விலகி வழி விடுகிறது. காளாஞ்சித் தட்டத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மாமாவுக்குப் பின்னால் நடக்கிறேன்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லுவேன். முதலில் இது சாமியறைக்குள் போகட்டும்.