செண்பகத்தின் ளகரம்

ஓராண்டுக்கு முன் இறந்துபோன செண்பகம், சிவகாசியில் உள்ள தன் வீட்டில் நாள்தோறும் காலையில் மகளுக்குக் குறிப்பு எழுதி வந்தாள். அவளுடைய பழைய துண்டுச் சீட்டுகளைப் படித்துப் பழகிய ஒரு மென்பொருள், சமையலறைத் திரையில் அவள் கையெழுத்திலேயே அன்றன்றைக்கு வேண்டியதை எழுதும். கணவர் சங்கரலிங்கம் தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டது அது. கட்டற்ற மென்பொருள் ஆதலால், யார் வேண்டுமானாலும் அதை மேம்படுத்தலாம்; அந்த மாற்றம் இந்த வீட்டுத் திரைக்கும் தானே வந்துசேரும்.

செண்பகத்துக்கு ழகரம் வராது. பெற்ற மகளையே 'தேன்மொளி' என்றுதான் எழுதுவாள். கேட்டால், "வால் மொளைச்ச எளுத்து நமக்கு எதுக்குடி?" என்பாள்.

அன்று காலை திரையில், 'தேன்மொழி, மழை வரும். குடையை எடுத்துக்கோ' என்றிருந்தது.

தேன்மொழி தட்டைக் கீழே வைத்தாள். "அப்பா, இது அம்மா இல்லப்பா."

சங்கரலிங்கம் மென்பொருளில் செய்த மாற்றங்களின் பட்டியலைத் திறந்து பார்த்தார். முகமறியாத தன்னார்வலர் ஒருவர் எழுத்துப்பிழையைத் திருத்தி, 'என்னால் ஆன சிறு உதவி' என்று அன்போடு குறித்திருந்தார். நல்ல மனிதர்தான், அவரை எப்படிக் கோபிப்பது?

"பழையபடி மாத்திருவோம்மா. ஒரு நிமிஷ வேலை."

"மாத்தப்போறது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப அது நீங்க போடுற தப்புப்பா. அம்மா போட்டதில்ல."

சங்கரலிங்கம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். பிறகு இருவரும் வாய்விட்டு அழுதார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "ஐயோ, என்னடி ஆச்சு?"

"அம்மா செத்துப்போயிட்டாங்கக்கா," என்றாள் தேன்மொழி.